காவலுக்கு வந்த கும்பெனி

கரூர் – காங்கயம் பஸ்ஸில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்துபோன நண்பர்களே! நாம் ஜன்னல் ஓரம் தூங்கி வழிந்த அந்தச் சாலைக்குத் தெற்கே, 1790-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு பெரும்படை நடந்து போனது. திருச்சியில் புறப்பட்டு, கரூரையும் தாராபுரத்தையும் பிடித்து, ஜூலைக் கடைசியில் கோவையை அடைந்தது. தலைமை தாங்கியவர் மதராஸ் கவர்னர் ஜெனரல் மெடோஸ். எதற்கு வந்தார்கள்? நம்மைக் காப்பாற்றவா என்றால், அதுதான் இல்லை. மலைக்கு அந்தப்பக்கம் இருந்த திருவிதாங்கூரைக் காப்பாற்ற!

வளர்ந்துவரும் ஒரு பெரிய அரசுக்கும் பக்கத்திலிருக்கும் சின்ன அரசுக்கும் நட்பு எப்படி உண்டாகிறது, எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நம் பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரியில் முடிந்துபோனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திப்புவும் நெடுங்கோட்டையும்

அப்போது கொங்கு நாடு மைசூரின் கையில். திருவிதாங்கூரை ஆண்டவர் தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. 1789-இல் அவர் டச்சுக்காரர்களிடமிருந்து கொடுங்கல்லூர், பள்ளிப்புறம் கோட்டைகளை விலைக்கு வாங்கினார். திப்பு சுல்தானுக்கு இது பிடிக்கவில்லை. அந்த டிசம்பர் 29-ந் தேதி திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை மதிலைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது. 1790 ஏப்ரலில் மதில் உடைந்தது.

தர்மராஜா கும்பெனியின் நண்பர். ஆனால் அப்போதைய மதராஸ் கவர்னர் ஹாலண்ட் உதவிக்கு அசையவில்லை. கல்கத்தாவிலிருந்த காரன்வாலிஸ்தான் போர் என்று முடிவு செய்தார். நண்பன்மேல் பாசம் மட்டுமா காரணம்? திப்புவை அடக்கக் கும்பெனிக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது.

போரின் ஒரு பகுதி நம் மண்ணில்தான் நடந்தது. 1790 செப்டம்பரில் திப்பு கஜலஹட்டிக் கணவாய் இறங்கி வந்தார். சத்தியமங்கலத்தில் சண்டை. தாராபுரம் மறுபடி கைமாறியது. 1791-இல் கோவைக் கோட்டையை லெப்டினன்ட் சால்மர்ஸ் காத்து நின்றபோது, உள்ளே திருவிதாங்கூர் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆகஸ்டில் தாக்குதலை முறியடித்தார்கள். நவம்பரில் கோட்டை விழுந்தது. ஒரே கோட்டைக்குள் தோளோடு தோள் நின்ற நட்பு அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் வந்தது பில்

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு போர் முடிந்தது. கும்பெனிக்கு மலபார், திண்டுக்கல், பாராமஹால் என்று நல்ல வரவு. அப்படியும் போர்ச் செலவில் பங்கு கொடு என்று திருவிதாங்கூரைக் கேட்டார்கள்.

1795-இல் ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களுக்கும் ஒரு ஐரோப்பிய பீரங்கிப் படைப் பிரிவுக்கும் ஆகும் செலவை ராஜா ஆண்டுதோறும் கட்ட வேண்டும். கும்பெனி காவல் காக்கும். உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

1799-இல் திப்பு மறைந்தார். எதிரியே போன பிறகு காவல்கூலி குறைய வேண்டும் அல்லவா? கூடியது! 1804-இல் திருவிதாங்கூரின் சொந்தப் படை, படியைக் குறைத்ததற்காகக் கலகம் செய்தது. அடக்கக் கும்பெனிப் படை வந்தது. அந்தச் சாக்கில் 1805 ஜனவரியில் புது ஒப்பந்தம். கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு சுமார் 8 லட்சம் ரூபாய். உள்நாட்டு நிர்வாகத்திலும் கும்பெனியின் யோசனையைக் கேட்டு நடக்க வேண்டும்.

இந்த ஒப்பந்தத்துக்குத் துணை நின்ற தளவாய் யார் தெரியுமா? வேலுத்தம்பி. இன்றைய குமரி மாவட்டத் தலக்குளத்துக்காரர். ரெசிடெண்ட் மெக்காலேக்கு அப்போது நண்பர். பாக்கிப் பணத்துக்கு நெருக்கடி வந்தபோதுதான் கயிறு யார் கையில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1808 டிசம்பரில் கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. 1809 ஜனவரி 11-இல் வேலுத்தம்பி குண்டறையில் அறிக்கை விட்டு மக்களைத் திரட்டினார். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. மண்ணடியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1811-இல் ரெசிடெண்ட் மன்றோவே திவானாகவும் ஆனார். தலையிட மாட்டோம் என்று சொன்ன 16 வருஷத்தில்!

நம் பக்கத்து நியாயம்

இன்னொரு சின்ன நண்பரும் உண்டு. அவர் நம்ம ஊர்க்காரர், தீரன் சின்னமலை. திப்புவின் பக்கம் நின்றவர். 1799-க்குப் பிறகு துணைக்குப் பெரிய அரசு இல்லை. ஆனாலும் பணியவில்லை. 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டம் பலிக்கவில்லை. 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். கும்பெனி தன் நண்பனிடம் புது ஒப்பந்தம் வாங்கியதும், எதிரியைத் தூக்கிலிட்டதும் ஒரே வருஷத்தில்!

அப்படியானால் தர்மராஜா செய்தது தப்பா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாசலில் படை நிற்கும்போது யாரும் துணை தேடத்தான் செய்வார்கள். கும்பெனியின் இன்னொரு நண்பரான ஆற்காட்டு நவாபின் ராஜ்யம் 1801-இல் கும்பெனியிடம் போனது. திருவிதாங்கூர் 1949 வரை தனிப் பெயரோடு இருந்தது. ஆகவே அந்த நட்பால் லாபமும் உண்டு. தப்பு நடந்தது வேறு இடத்தில். காவலுக்கு வந்தவன் எப்போது திரும்பிப் போவான், கூலியை யார் கணக்குப் போடுவது – இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் இல்லை. எதிரி போன பிறகு பேரம் பேசும் பலமும் இல்லை.

நம் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவும் ஊடையும் ஒரே கம்பெனியிடம் வாங்கி, துணியையும் அங்கேயே கொடுக்கிறவனுக்குக் கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று நன்றாகவே தெரியும்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாடுகளின் ஒப்பந்தச் செய்தியைப் பேப்பரில் படிக்கும்போது, யார் யாரோடு கை குலுக்கினார்கள் என்று படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். பில் யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று தேடிப் படியுங்கள். வரலாறு படித்ததற்கு அதுதான் பலன்.