மினெற் டி சில்வாவும் நவீன பிரதேசக் கட்டடக்கலையும்

இலங்கையின் நவீன கட்டடக்கலை பற்றிப் பேசப்படும்போது முதலில் நினைவுகூரப்படும் பெயர் ஜெப்ரி பாவா என்பதாகும். அப்பெருமை அவருக்குரியதன்று எனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், 1957 இல் பாவா கட்டடக்கலைஞராகத் தகுதி பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கண்டியில் ஒரு பெண் அலுவலகம் அமைத்துத் தனித்துத் தொழில் புரிந்துகொண்டிருந்தார். அவரே மினெற் டி சில்வா (1918–1998). நவீனத்துவத்தையும் சுதேசப் பண்பையும் இணைப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை யாது? அவ்விடை அவர் பெயரால் நிலைபெறாமற் போனமை ஏன்? இவ்விரு வினாக்களும் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியனவாகும்.

மினெற்றின் தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, கண்டியின் பிரபல அரசியல்வாதி, சிங்கள பௌத்தர். தாயார் அக்னஸ், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். பெண்களின் வாக்குரிமைக்காக டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தோருள் ஒருவர். இத்தகைய கலப்புச் சூழலில் வளர்ந்தவருக்கு அடையாளம் என்பது பிறப்போடு வந்தமைந்த ஒற்றைப் பொருளாக இருந்திருக்க முடியாது. பம்பாயிற் கல்வி பயின்ற காலத்தில், காந்தியடிகள் கைதானதை எதிர்த்த மாணவர் கிளர்ச்சியிற் பங்குபற்றியமையால் அவர் கலைக்கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் இலண்டன் சென்று கற்று, 1948 இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் றோயல் நிறுவகத்தில் இணை அங்கத்தவரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே என்பர்.

நாடு சுதந்திரமடைந்த வேளையில் அவர் தாயகம் திரும்பினார். புதிய நாட்டின் கட்டடங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பது அன்று எழுந்திருந்த பெரும் வினா. மேனாட்டுப் பாணிகளை அப்படியே பெயர்த்து நடுவது ஒரு வழி. பண்டைய அரண்மனைகளின் வெளித்தோற்றத்தைக் கொங்கிறீற்றில் மீட்டமைப்பது மற்றொரு வழி. மினெற் இவ்விரண்டையும் ஏற்றிலர். தமது வழியை அவர் ‘நவீன பிரதேசக் கட்டடக்கலை’ எனப் பெயரிட்டழைத்தார்.

அவ்வழியின் முதற் சான்று கண்டியில் மலைச்சரிவொன்றில் எழுந்த கருணாரத்ன இல்லமாகும் (1949–1951). நிலத்தைச் சமன்செய்யாது, அதன் சரிவுக்கேற்ப வீட்டின் தளங்கள் வெவ்வேறு மட்டங்களில் அமைக்கப்பட்டன. வலுவூட்டிய கொங்கிறீற்றும் கண்ணாடிக் கற்களும் ஒருபுறமிருக்க, தும்பறைப் பாய்நெசவும் அரக்கு வேலையும் சுட்ட களிமண் ஓடுகளும் அவ்வீட்டில் இடம்பெற்றன. கண்டிக் கைவினைகள் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட பெருநூலின் செல்வாக்கை இங்கு காணலாம். ஆனால் மினெற் கைவினையை நூதனசாலைப் பொருளாகக் கருதவில்லை. புதிய வீடுகளில் அதற்கு இடமிருந்தாலன்றிக் கைவினைஞன் வாழ முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கொழும்பில் 1952 முதல் 1956 வரையான காலத்தில் உருவான பீரிஸ் இல்லத்தில், தூண்களின்மேல் உயர்த்தப்பட்ட நவீன வீட்டுக்குள் திறந்த முற்றம் ஒன்றையும் அவர் இணைத்தார். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்த நமக்கு, முற்றம் என்பது வெறும் வெற்றிடமன்று. காற்றும் ஒளியும் மழையும் குடும்ப வாழ்வோடு கலக்கும் இடம் என்பது எளிதில் விளங்கும். பாவாவின் புகழ்பெற்ற முற்றத்து வீடான ஏனா டி சில்வா இல்லம் 1960களின் தொடக்கத்திலேயே கட்டப்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இவை யாவும் வசதி படைத்தோரின் இல்லங்களல்லவா என ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. அதற்கான விடை கண்டிக்கு அண்மையிலுள்ள வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தில் (1955–1958) உள்ளது. அரசாங்க ஊழியர்க்கென இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை வரையுமுன், அங்கு குடியேறவிருந்தோரிடம் அவர் வினாக்கொத்துகளை வழங்கி, அவர்தம் வாழ்க்கை முறைகளையும் தேவைகளையும் கேட்டறிந்தார். அதன் பின்னரே பலவகை வீட்டு மாதிரிகளை உருவாக்கினார். மக்களைக் கேளாது மக்களுக்காகத் திட்டமிடுவது வழக்கமாயிருந்த காலத்தில் இது துணிவான செயலெனலாம்.

இத்தனை சாதித்தவரின் பெயர் பின்தள்ளப்பட்டமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை அவரே பதிவுசெய்துள்ளார். ஆண் பங்காளி எவருமின்றித் தனித்து இயங்கிய பெண் என்பதனால், ஒப்பந்தகாரரும் வணிகரும் அரசாங்கத்தாரும் தம்மீது அவநம்பிக்கை கொண்டிருந்தனர் என்பது அவர் கூற்று. ஓர் ஆணிடத்துத் திறமையின் அடையாளமாகக் கொள்ளப்படும் உயர்நோக்கு, பெண்ணிடத்துப் பிடிவாதமாகக் காணப்பட்டது. 1970களில் அவர் நாட்டைவிட்டு நீங்கி, இலண்டனிலும் பின்னர் ஹொங்கொங் பல்கலைக்கழகத்திலும் ஆசியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதியும் கற்பித்தும் வந்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் 1996 இலேயே, அவரது எழுபத்தெட்டாவது வயதில், அவரை வந்தடைந்தது. 1998 நவம்பரில் அவர் கண்டியிற் காலமானார். ‘ஓர் ஆசியப் பெண் கட்டடக்கலைஞரின் வாழ்வும் பணியும்’ எனப் பொருள்படும் தலைப்புடன் அவர் எழுதிய தன்வரலாற்றின் முதற்பாகம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. கடிதங்களையும் புகைப்படங்களையும் வரைபடங்களையும் தாமே திரட்டித் தம் வரலாற்றைத் தாமே எழுத வேண்டிய நிலை அவருக்கிருந்தது.

பேராதனை வளாகத்தில் பண்டைய இராசதானிகளை நினைவூட்டும் தூண்களினூடாக நாம் நாள்தோறும் நடக்கின்றோம். அவற்றின் அழகை மறுப்பார் இலர். ஆனால் அவை எழுந்த அதே காலப்பகுதியில், சில மைல்களுக்கு அப்பால், அதே வினாவுக்கு வேறொரு விடை காணப்பட்டது. முன்னையது மன்னர் கட்டியவற்றை நோக்கி நம் அடையாளத்தைத் தேடியது. பின்னையது வாழப்போகும் மனிதரிடமே சென்று அதைக் கேட்டது. அடையாளம் பற்றி ஓயாது பேசும் நம் தலைமுறைக்கு, கேட்டறிதலும் ஓர் ஆய்வுமுறை என்பதை வட்டபுளுவவின் வீடுகள் உணர்த்தி நிற்கின்றன.