போலந்துச் சடை

விஸ்துலா நதி பாயும் போலந்து தேசத்திலே, பதினேழாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், குடியானவர் குடிசைகளில் மட்டுமன்றிப் பிரபுக்களின் மாளிகைகளிலும், ‘கொவ்தூன்’ என்று பெயர் பெற்ற சடையைத் தலையில் தாங்கிய ஜனங்கள் ஏராளமாக இருந்தார்கள். சீப்பும் தண்ணீரும் காணாத மயிர், பேனாலும் ஈராலும் புண்ணிலிருந்து கசிந்த நீராலும் ஒட்டி, சிக்குப் பிடித்து, கம்பளிபோல் இறுகிப்போனதே அந்தச் சடை. கிராக்கோ சர்வகலாசாலையின் வைத்திய சரித்திரக் காட்சிசாலையில் காப்பாற்றி வைக்கப்பட்டுள்ள ஒன்றின் நீளம் ஏறக்குறைய 1.5 மீட்டர்.

இதை வியாதி என்று அஞ்சிய ஜனங்களே, வியாதிக்கு வடிகால் என்று போற்றவும் செய்தார்கள். தேகத்தின் உள்ளே கிடந்து மூட்டையும் கண்ணையும் வருத்தும் துர்நீர் சடைவழியே வெளியேறுகிறது என்பதும், அகாலத்தில் அதை வெட்டினால் அந்த நீர் உள்ளே திரும்பிக் கண்ணை அவிக்கும், புத்தியைக் கலக்கும் என்பதும் அவர்களுடைய திடமான நம்பிக்கை. ஆகவே நோய் கண்டவர்களில் பலர், சடை விழவேண்டும் என்றே தலையைக் கம்பளிக் குல்லாயால் மூடி, மூலிகைக் கஷாயம் தெளித்து அதைப் பேணி வளர்த்தார்கள்.

பாமரரை மட்டும் இதற்குக் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1599-இல் போலந்தின் ஸமோஷ்ச் கலாசாலையின் தலைவர் இத்தாலியின் பாதுவா நகரத்து வைத்தியர்களிடம் இதைப்பற்றி அபிப்பிராயம் கேட்டு எழுத, மறு ஆண்டே அந்நகரத்துப் பண்டிதர் ஹெர்க்குலிஸ் சாக்ஸோனியா ஒரு நூல் இயற்றினார். அதன்பின் இரண்டரை நூற்றாண்டுகள், ‘பிளிக்கா பொலோனிக்கா’ என்று லத்தீனில் நாமகரணம் செய்து, தார்த்தாரியர் படையெடுப்போடு வந்ததோ வேறு எவ்வாறு வந்ததோ என்று தர்க்கித்தவர்கள் பலர். கத்தரிக்கோலை எடுத்துப் பரீட்சித்தவர்கள் சிலரே.

நிமோனியாவுக்கு ரத்தம் வடிப்பது பயனற்றது என்று 1849-இல் வியன்னாவில் கணக்குக் காட்டி எழுதிய வைத்தியர் ஜோஸப் தீத்ல், 1851-இல் கிராக்கோவில் பேராசிரியரான பின்னர், சடைக்காரர்களையும் நேரில் சோதித்து, இது வியாதியே அன்று, தலை வாராமையின் விளைவு என்று தீர்ப்பளித்தார். அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், தரும ஸ்தாபனங்களில் சேர்க்கலாகாது என்று அவர் யோசனை கூறவே, சடைக்கு வரி வரப்போகிறது என்ற வதந்தி கிராமந்தோறும் பரவி, அநேகர் தாமே சடையை அறுத்தெறிந்தார்கள்.

உபதேசத்துக்கு அசையாத நம்பிக்கை வரிக்கு அசைந்தது என்று நாம் நகைக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கைக்குச் சாஸ்திர முத்திரை குத்திக் கொடுத்த பண்டிதர்களே அதன் தீர்க்காயுளுக்கு முதற் பொறுப்பாளிகள்.