தாம்சன் சாலை மேட்டிலிருந்து சந்தாப் பெட்டி வரை



நீண்ட நாள்களாக எழுத எண்ணித் தள்ளிப்போட்டு வந்த பதிவு இது. இலக்கணக் குறிப்புகளும் பழைய சிங்கப்பூரின் தமிழ்த் தடங்களுமாக நிறையும் இப்பக்கத்தில் கார்ப்பந்தயத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தொலைக்காட்சிச் சந்தாவுக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் காரணம் என் தந்தையார்.

அவருக்கு இப்போது 77 வயது. காத்தோங்கில் ஒரு கார்ப் பட்டறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். முழங்கால் வலியால் வெளியே செல்வது குறைந்துவிட்டது. சென்ற ஆண்டின் இறுதியில் ஓர் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வர்ற வருஷம் ரேஸ் எல்லாத்தையும் முதல்லேருந்து கடைசி வரைக்கும் பாக்கணும்பா. ஏற்பாடு பண்ணு."

எளிய வேண்டுகோள் என்றே எண்ணினேன். 2025ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பருவத்தில் 24 பந்தயங்கள் இருந்தன. ஒரு பருவத்துக்குப் பணம் கட்டிவிட்டால் போதும் என்று நினைத்து ஒரு நிறுவனத்தை அழைத்தேன். கார்ப்பந்தயத்தை மட்டும் தனியாக வாங்க முடியாதாம். அது விளையாட்டுத் தொகுப்புக்குள் இருக்கிறது. விளையாட்டுத் தொகுப்பை வாங்க அடிப்படைத் தொகுப்பு வேண்டும். பெட்டிக்கு வாடகை. எல்லாம் சேர்ந்து மாதம் 60 வெள்ளிக்கு மேல். ஒப்பந்தம் 24 மாதம். இடையில் நிறுத்தினால் மிச்சத்துக்கு அபராதம். பந்தயமே நடவாத சனவரிக்கும் பிப்ரவரிக்கும் சேர்த்துத்தான் கட்டவேண்டும். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும் அப்பா சிரித்தார்.

"இருபத்து நாலு மாசமா? டாக்டரே எனக்கு ஆறு மாசம் ஆறு மாசமாத்தான்பா நாள் குறிக்கிறாரு."

அந்தச் சிரிப்பு எனக்குத் தொற்றவில்லை. அன்றிரவு உட்கார்ந்து, இந்த ஊரில் ஒரு மனிதர் கார்ப்பந்தயம் பார்ப்பது எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று அவர் நினைவுகளையும் நான் படித்தவற்றையும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன். அக்குறிப்புகளே இப்பதிவு.

சிங்கப்பூரின் முதல் கிராண்ட் பிரீ 1961 செப்டம்பரில், கீழ்த்திசைச் சுற்றுலா ஆண்டை ஒட்டி நடைபெற்றது. அப்பர் தாம்சன் சாலையையே அடைத்து ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தடமாக்கினார்கள். வென்றவர் ஆஸ்டன் மார்ட்டின் காரோட்டிய இயன் பார்ன்வெல். மறு ஆண்டிலிருந்து அது மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர் பெற்றது. நாடு தனியான பிறகு, 1966 முதல், சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. அப்பா முதன்முதலில் போனபோது அவருக்கு வயது 13. பட்டறையில் எடுபிடியாக இருந்த பெரியப்பா அழைத்துப் போனார். காத்தோங்கிலிருந்து இரண்டு பேருந்து மாறி, பிறகு நடை. சீட்டு வாங்கி மேடையில் அமர்ந்தவர்கள் உண்டு. பெரியப்பாவின் கூட்டாளி ஒருவருக்குச் சாலையோரக் கம்பத்தில் வீடு இருந்ததால், அவர்கள் வீட்டுப் பின்புற மேட்டில், ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டணம், கையில் கொண்டுபோன ஒரு பொட்டலம் வடை. அந்த வீட்டுச் சீனப் பாட்டிக்கு அது மிகவும் பிடித்துப்போய், அடுத்தடுத்த ஆண்டுகளில் வடை இல்லாமல் மேட்டில் ஏற அனுமதி கிடையாது என்று ஆகிவிட்டதாம்.

'பாம்பு' என்று பெயர் பெற்ற தொடர் வளைவுகளும் 'சாத்தான் வளைவு' என்ற ஒரு திருப்பமும் அத்தடத்தில் இருந்தன. ஓரத்தில் விளக்குக் கம்பங்கள், பேருந்து நிறுத்தங்கள், ஆழமான வடிகால்கள். அன்றாடப் பேருந்துகள் சிந்திய எண்ணெய் வேறு. கார்கள் சறுக்கினால் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. அத்தடம் பலிகொண்ட உயிர்கள் 7. 1973ஆம் ஆண்டுப் பந்தயமே கடைசி. சாலையில் வேகப் பித்து பரவும் என்ற அச்சம், உயிரிழப்புகள், போக்குவரத்துத் தொல்லை, அவ்வாண்டின் இறுதியில் வந்த எண்ணெய் நெருக்கடி எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பழைய காலத்தை நான் போற்றிப் பாடுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இலவசமாகப் பார்த்த மேட்டுக்கும் வளைவுக்கும் இடையே ஒரு கயிறுகூட இல்லை என்பதை அப்பாவே சொல்லிச் சொல்லி வியப்பார்.

இதே காலத்தில்தான் தொலைக்காட்சியும் வந்தது. 1963 பிப்ரவரி 15ஆம் நாள், விக்டோரியா நினைவு மண்டபத்தில் அதைத் தொடங்கி வைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் சி. இராசரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். (எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், சிலோன் சாலையில் இருக்கும் செண்பக விநாயகர் ஆலயமும் யாழ்ப்பாணத்தார் எழுப்பியதே. காத்தோங் என்றால் லக்சா மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.) வீட்டில் பெட்டி வாங்க வசதியற்றவர்களுக்காக அரசு சமூக நிலையங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்தது. அப்பா தொலைக்காட்சி பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கேதான், தரையில் பாய் விரித்து, நான்கு மொழிக்காரர்களோடு.

தாம்சன் சாலை ஓய்ந்த மறு ஆண்டு, 1974 சூலையில், உலகக் கிண்ணக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நேரடியாக, வண்ணத்தில் வந்தது. வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டினால் எல்லா ஒளிவழிகளும் நமக்குத்தான். பின்னாளில் 110 வெள்ளியாக இருந்த அந்தக் கட்டணத்தை 2011இல் அரசு நீக்கியது. அதை நாம் எவ்வளவு முணுமுணுத்துக் கட்டினோம் என்பது என் வயதொத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஆண்டுக்கு முணுமுணுத்த தொகை, எனக்கு இப்போது சொல்லப்பட்ட கட்டணத்தில் இரண்டு மாதத்துக்குப் போதாது.

கட்டணத் தொலைக்காட்சி இங்கே 1992இல் அரும்பியது. 1995இல் சிங்கப்பூர் கேபிள் விஷன் தெம்பனிசில் கம்பி இழுக்கத் தொடங்கி, 1999இல் தீவு முழுவதையும் இணைத்து முடித்தது. தனியார் வீடுகளில் செயற்கைக்கோள் தட்டு வைக்க இந்நாட்டில் அனுமதி இல்லாததால், வெளிநாட்டு விளையாட்டு ஒளிவழி வேண்டுமென்றால் அந்த ஒரே வாயில்தான். ஆசியாவுக்கெல்லாம் ஃபார்முலா ஒன்னைக் கொண்டுபோன ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸின் தலைமையகமோ இதே சிங்கப்பூரில் இருந்தது!

எங்கள் வீட்டுக்குக் கம்பி வந்தது 2005இல், ஒரு கோயம்புத்தூர்க்காரருக்காக. அவ்வாண்டு மார்ச்சில் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணிக்காக ஆஸ்திரேலியாவில் களமிறங்கி, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். "நம்ம ஆளு ஓட்டுறான், நான் பேப்பர்ல படிக்கிறதா?" என்றார் அப்பா. சூன் 19ஆம் நாள் இண்டியானாபொலிஸ் பந்தயம் இங்கே அதிகாலை 2 மணிக்கு. பள்ளி விடுமுறை என்பதால் நானும் விழித்திருந்தேன். மிஷெலின் டயர்கள் அத்தடத்துக்குப் பாதுகாப்பானவை அல்ல என்று அவற்றைப் பூட்டிய அணிகள் பந்தயத் தொடக்கத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றோடு ஒதுங்கிவிட, 6 கார்களே பந்தயத்தில் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். கேலிக்கூத்தான பந்தயம் என்று உலகம் சொன்னது. எங்கள் கூடத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை.

பெட்டித் தொல்லை நமக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் 2003 செப்டம்பரிலேயே நிபந்தனைக்குட்பட்ட ஒளிபரப்பு முறை நடப்புக்கு வந்து, கட்டண ஒளிவழி பார்க்க ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி வேண்டும் என்று ஆயிற்று. பிரிட்டனில் 2012 முதல் பாதிப் பந்தயங்களும், 2019 முதல் அவர்கள் சொந்த நாட்டுப் பந்தயம் நீங்கலாக மற்ற அனைத்தும் நேரடியாகக் கட்டண ஒளிவழிக்குள் போய்விட்டன.

நம் ஊரில் சிக்கல் முற்றியது போட்டி வந்த பிறகே. இதுதான் எனக்கு இன்றும் புதிர். போட்டி வந்தால் விலை குறையும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. 2007இல் சிங்டெல்லின் மியோ டிவி வந்தது. நிகழ்ச்சிகளைப் பொதுவில் வைத்துக்கொண்டு சேவையில் போட்டியிடாமல், இரு நிறுவனங்களும் உரிமைகளைத் தனியுரிமையாக ஏலமெடுப்பதில் போட்டியிட்டன. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இராது. 2010இன் நடுவில் ஈஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒளிவழிகள் ஸ்டார்ஹப்பை விட்டு மியோவுக்குப் போயின. எங்கள் புளோக்கில் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே இரண்டு பெட்டிகள், இரண்டு தொலையியக்கிகள், இரண்டு கட்டணச் சீட்டுகள். அவ்வாண்டு மார்ச்சில் ஊடக வளர்ச்சி ஆணையம், ஒருவர் தனியுரிமையாகப் பெறுவதை மற்றவரின் பெட்டியிலும் கிடைக்கச் செய்யவேண்டும் என்று விதி செய்தது. பெட்டி ஒன்றானது, விலைக்கு விதி இல்லை. காப்பிக்கடைகளுக்கு வணிகக் கட்டணம் என்று தனிக்கணக்கு வேறு. அடுத்த மேசைக்காரரோடு சேர்ந்து பார்க்கும் வழக்கம் மெலிந்ததற்கு நாம் மாறிவிட்டது மட்டும் காரணமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

2008 செப்டம்பர் 28ஆம் நாளைத் தனியே குறிப்பிடவேண்டும். மரினா பேயில் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயம். சேனல் 5 இலவசமாகக் காட்டியது. அப்பா ஒலியைக் குறைத்துவிட்டு நடைபாதைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று வாக்கில் இயந்திர ஓசை கேட்கிறது என்றார். எனக்குக் கிழக்குக் கரை விரைவுச்சாலையின் லாரிகள்தாம் கேட்டன. இன்றுவரை இதில் எங்களுக்குள் உடன்பாடில்லை. அன்று வென்றவர் அலோன்சோ. அவருக்கு வாய்ப்பளித்த விபத்தை, சக ஓட்டுநர் பிக்கே அணியின் ஏவலால் வேண்டுமென்றே நிகழ்த்தினார் என்பது மறு ஆண்டில் வெளிவந்தபோது அப்பா இரண்டு நாள் பேசவில்லை. சொந்த ஊர்ப் பந்தயம் அண்மை ஆண்டுகளிலும் இலவச ஒளிவழியில் வருகிறது. மீதிக்குத்தான் இந்தப் பாடு.

அந்த மீதியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஸ்டார் ஸ்போர்ட்ஸ், ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் ஆயிற்று. 2021 அக்டோபர் 1ஆம் நாள் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் இவ்வட்டாரத்தில் அணைந்தது. பிறகு பந்தயங்கள் பீஇன் ஸ்போர்ட்ஸுக்குப் போயின. ஒவ்வொரு முறையும் ஒளிவழி எண் மாறும், தொகுப்பின் பெயர் மாறும், வீட்டில் வயதானவர் இருந்தால் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். உரிமையை நாடு நாடாகப் பிரித்து, நாட்டுக்கொருவருக்குத் தனியாக விற்பதுதான் இவ்வணிகத்தின் அடித்தளம். அதிக விலை கொடுத்து வாங்கியவர், எங்களைப் போல் ஒன்றை மட்டும் கேட்பவர்களுக்கு அதைத் தனியே விற்கமாட்டார். பார்க்காதவர்களும் பணம் கட்டினால்தான் அவருக்குக் கணக்குச் சரியாகும். கோயம்புத்தூரில் இருக்கும் என் அத்தை மகன், 2024 முதல் ஃபேன்கோடு செயலியில் வேண்டிய பந்தயத்துக்கு மட்டும் சிறு தொகை கட்டிப் பார்த்துவிட்டு, "மாமா பாத்தாரா?" என்று எனக்கு அழைக்கிறார். அது இந்தியாவுக்கு மட்டுமான உரிமை. இங்கிருந்து நேர்வழியில் திறக்க முடியாது. குறுக்குவழிகள் இருப்பதை என் மாணவர்களே சொல்கிறார்கள். ஆசிரியன் என்பதால் கேளாததுபோல் இருக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அப்பாவை டாக்சியில் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு அழைத்துப் போனேன். சாலையின் ஒரு பாதி இப்போது நடப்பவர்களுக்கு. குரங்குகள் உலவுகின்றன. கம்பம் இருந்த இடம் காடாகிவிட்டது. ஊன்றுகோலை நீட்டி, "இந்த வளைவுலதான் பின்சக்கரம் பக்கவாட்டில போகும்" என்று காட்டினார். மேடு எது என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில், "அந்தப் பாட்டிக்கு வடையோட விட்டுப்போச்சு. இவனுக்கு எத்தனை மாசம் எழுதிக் குடுக்கணும்னு சொன்னே?" என்று மறுபடி கேட்டார்.

ஒப்பந்தப் படிவம் இரண்டு வாரமாக மேசைமேல் கிடக்கிறது. கையொப்பமிடும் இடத்தில் அப்பா பெயரை எழுதாமல் என் பெயரை எழுதியிருக்கிறேன். நாளை அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.