ஷூ இல்லாததாலா உலகக் கோப்பைக்குப் போகல?

1/ "வெறுங்காலோட ஆடினதால 1950 உலகக் கோப்பையில நம்மள சேர்த்துக்கல" - இந்த வாட்ஸ்அப் கதை உங்களுக்கும் வந்திருக்கும். நடந்தது வேற மக்களே.

2/ 1904-ல் பாரிஸில் ஏழு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஃபிஃபாவை ஆரம்பித்தன. நம்ம அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பிறந்தது 1937-ல். ஃபிஃபாவில் சேர்ந்தது 1948-ல்.

3/ அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக். நம்ம கேப்டன் யார் தெரியுமா? கல்கத்தாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த நாகா இளைஞர் தாலிமெரன் ஆவ்! பின்னாளில் நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநர். பெரும்பாலான வீரர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டியை வீணாக்கியும், பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றோம். ஒலிம்பிக்கில் ஷூவை யாரும் கேட்கவில்லை.

4/ 1950 தகுதிச் சுற்றில் மற்ற நாடுகள் விலக, ஒரு மேட்ச்கூட ஆடாமலேயே பிரேசில் போகும் வாய்ப்பு கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவு. நாம போகல.

5/ சம்மேளனம் சொன்ன காரணம்: அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரம் போதாது. அன்றைக்கு எங்களுக்கு ஒலிம்பிக்தான் பெருசு, ஷூ எல்லாம் சாக்கு என்று அந்தத் தலைமுறையின் சைலேன் மன்னாவே பின்னாளில் சொன்னார்.

6/ திறமை இல்லாமல் இல்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்! ஆனால் அந்த உலகக் கோப்பை வாய்ப்பு மட்டும் திரும்ப வரவே இல்லை. மைதானத்தில் தோற்றால் அடுத்த மேட்ச் இருக்கு. நிர்வாக மேசையில் தோற்றால் தலைமுறைகள் காத்திருக்கணும்.

நம்ம திருப்பூர் பனியன் கடல் தாண்டிப் போயிடுச்சு. நம்ம டீம் இன்னும் போகல.