மோட்டார் ரூம் பூட்டும் உள்ளே இருக்கிற விதையும்

எங்க தோட்டத்து மோட்டார் ரூம்ல தொங்குற மாங்காப் பூட்டு அப்பா வாங்கினது. திண்டுக்கல்லுக்குத் தக்காளி ஏத்திட்டுப் போன அன்னைக்கு வாங்கியாந்ததா சொல்லுவாரு. போன மாசம் சாவி தொலைஞ்சுபோச்சு. பூட்டை உடைக்க மனசு வரலை. நாதாங்கியை அறுத்து, பூட்டோட பஸ் ஏறிட்டேன்.

இதுக்கு முன்னாடி மாட்டுக் கொட்டத்துக்கு ஒரு கடையில "அசல் திண்டுக்கல் பூட்டு"ன்னு சொல்லிக் குடுத்ததை வாங்கி, ஒரு மழைக்கே இறுகிப்போச்சு. அதனால இந்தத் தடவை விசாரிச்சு, பட்டறை வச்சிருக்கிற பெரியவர் ஒருத்தர்கிட்ட போனேன். பூட்டைப் பிரிச்சு உள்ளே இருக்கிற லீவர் தகடுகளை ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா வச்சாரு. ஒரு மணி நேரம் அரத்தால ராவி ரெண்டு சாவி பண்ணிக் குடுத்தாரு. "உங்க பூட்டுக்கு அரசாங்கத்துல உரிமை குடுத்துருக்காங்களாமேய்யா?"ன்னு கேட்டேன். "பேப்பர்ல போட்டிருந்தான் தம்பி. நமக்கு என்னன்னு தெரியலை"ன்னாரு. அந்த வார்த்தை மனசுல நின்னுருச்சு. வீட்டுக்கு வந்து பையனோட போன்ல தேடித் தேடிப் படிச்சதைத்தான் எழுதுறேன்.

அறிவுசார் சொத்துரிமைன்னு பேரு. நிலத்துக்குப் பட்டா மாதிரி, மூளையில உதிச்சதுக்குப் பட்டா. ஆனா பட்டா ஒரே மாதிரி இல்லை, பொருளுக்குப் பொருள் மாறுது.

முதல்ல அந்த லீவர். 1778ல இங்கிலாந்துல ராபர்ட் பாரன்னு ஒருத்தர் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை, அதாவது பேடண்ட், வாங்கினாரு. 1784ல ஜோசப் பிராமா வேற மாதிரி ஒரு பூட்டுக்கு வாங்கினாரு. அந்தப் பூட்டைக் கடை சன்னல்ல வச்சு, திறக்கிறவனுக்கு 200 கினி பரிசுன்னு அறிவிச்சாங்க. 1851ல ஹாப்ஸ்ங்கிற அமெரிக்காக்காரர் பல நாள் உக்காந்து திறந்தே புட்டாரு!

பேடண்ட்ங்கிறது ஒரு ஒப்பந்தம். உன் நுணுக்கத்தை ஒளிக்காம எழுதிக் குடு, இத்தனை வருசம் வேற யாரும் செய்யாம பாத்துக்கறோம், அதுக்கப்புறம் அது ஊருக்குப் பொது. அங்க அப்போ 14 வருசம், இங்க இப்போ 20. பாரனோட காலம் முடிஞ்சு எத்தனையோ வருசம் கழிச்சு அந்த லீவர் வித்தை நம்ம ஊர்ப் பட்டறைக்கு வந்துச்சு. யாருக்கும் பத்துப் பைசா கட்ட வேண்டி இருக்கலை. இந்த ஊர்ல தொழிலைத் தொடங்கினவங்க சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள்னு சொல்றாங்க.

நம்ம ஆட்கள் லீவரோட நிக்கலை. திறந்தா மணியடிக்கிற பூட்டெல்லாம் செஞ்சாங்க. ஆனா எதையும் எழுதி வைக்கலை, கையிலயே வச்சுக்கிட்டாங்க. தொழில் ரகசியம் வெளியே தெரியாத வரைக்கும்தான் ரகசியம். எழுத்தோட அருமை மஞ்சள் விசயத்துல தெரிஞ்சுச்சு. புண்ணுக்கு மஞ்சள் போடுறதுக்கு 1995ல அமெரிக்காவுல பேடண்ட் குடுத்துட்டாங்க. எங்க அப்பத்தா கேட்டிருந்தா சிரிச்சிருக்கும். ஆனா நம்ம சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடு, மருத்துவப் பத்திரிகைன்னு எழுத்துல காட்டின பிறகுதான் 1997ல ரத்தாச்சு.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்ட்டுல கிடைச்சது பேடண்ட் இல்லை, புவிசார் குறியீடு. அதே மாசம்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும். சிறுமலை வாழைக்கு அதுக்குப் பத்து வருசம் முன்னாடியே கிடைச்சாச்சு. இந்தச் சட்டம் 1999ல வந்து 2003ல நடைமுறைக்கு வந்தது, முதல்ல வாங்கினது டார்ஜிலிங் டீ. பேடண்ட் மாதிரி இது ஒரு நாள் முடிஞ்சுபோறதில்லை, பத்து வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். தனி ஆளுக்குச் சொந்தமும் இல்லை. பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பேர்ல விண்ணப்பிச்சு வாங்கினது.

பெரியவருக்குத் தெரியாத விசயம் இங்கதான் இருக்கு. சங்கம் பதிஞ்சதோட முடியலை. பூட்டு செய்யிற ஒவ்வொருத்தரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்னு தனியா பதியணும். சென்னை கிண்டியில ஆபீஸ். பதிஞ்சாத்தான் அந்தக் குறியீட்டைத் தன் பூட்டுல போட்டுக்கலாம், எனக்குப் போலியை வித்த மாதிரி ஆளு மேல வழக்கும் போடலாம். அடுத்த வாரம் போய் அவருகிட்ட சொன்னேன். "அதுக்கு வேற எழுதிக் குடுக்கணுமா?"ன்னு கேட்டுட்டு அரத்தைக் கையில எடுத்துட்டாரு. பட்டறையில அவரும் இன்னொருத்தரும்தான். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிருச்சு. பேரைப் பதிஞ்ச அளவுக்கு செய்யிறவனை யாரும் தேடலைங்கிறது என் அபிப்பிராயம்.

கடைப் பேருக்கு டிரேட்மார்க்னு தனியா இருக்கு. நம்ம திண்டுக்கல் தலப்பாக்கட்டிப் பேருக்காக மெட்ராஸ் ஐகோர்ட் வரைக்கும் வழக்கு நடந்துச்சுல்ல, அதுதான். எழுத்துக்கும் பாட்டுக்கும் பதிப்புரிமை, எழுதினவர் செத்து 60 வருசம் வரைக்கும். நான் எழுதுற இதுக்கும்கூட உண்டாம்!

சரி, மோட்டார் ரூமைத் திறந்தா உள்ளே என்ன இருக்கு? சாம்பல் கலந்து பானையில வச்ச மொச்சை விதை, அம்மா காலத்துல இருந்து வர்றது. பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை விதை கேட்டு வந்தவரு, "குடுத்தா கேஸ் போடுவாங்களாமே மாமா"ன்னு தயங்குறாரு. ஒரு கடையில சொல்லி அனுப்பிருக்காங்க.

பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியும். 2019ல குஜராத்துல நாலு உருளைக்கிழங்கு விவசாயிக மேல, தலைக்கு ஒரு கோடிக்கு மேல கேட்டு பெப்சி கம்பெனி வழக்குப் போட்டுச்சு, தான் பதிஞ்ச ரகத்தைப் போட்டாங்கன்னு. நாடு பூரா எதிர்ப்புக் கிளம்பவும் மே மாசம் வாபஸ் வாங்கிருச்சு.

நம்ம நாட்டுல செடிக்கும் விதைக்கும் பேடண்ட் கிடையாது. அதுக்குப் பதிலா 2001ல பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம்னு தனியா போட்டாங்க. புது ரகம் கண்டுபிடிச்சவன் அதைப் பதியலாம், வயல் பயிருக்கு 15 வருசம், மரத்துக்கு 18. அதே சட்டத்தோட 39ஆம் பிரிவு நமக்கு. பதிஞ்ச ரகமா இருந்தாலும் நம்ம வயல்ல விளைஞ்ச விதையை எடுத்து வைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம். பிராண்டுப் பேரு போட்ட பாக்கெட்டா விக்கக் கூடாது, அம்புட்டுத்தான். நம்மகிட்ட இருக்கிற நாட்டு ரகத்தை நம்ம பேர்லயே பதியவும் வழி இருக்கு, விவசாயிக்குக் கட்டணம் கிடையாது.

மாப்பிள்ளைக்கு அரைப்படி அளந்து குடுத்தேன். விளைஞ்சதும் ஒரு படியா திருப்பணும்னு பேச்சு. பானையில இன்னும் ரெண்டு படி இருக்கு. வேணுங்கிறவங்க ஆடிக்கு முன்னாடி வாங்க. பையி நீங்களே கொண்டாந்துருங்க.