இறகில் தெரிந்த குறை: வான்கோழித் தீவனத்தின் வரலாறு



மலாய் மொழியில் வான்கோழியை ‘ஆயாம் பெலாண்டா’ என்கிறோம். ஒல்லாந்துக் கோழி என்பது அதன் பொருள். ஒல்லாந்தரோ அதைக் ‘கல்கூன்’ என்று அழைக்கின்றனர். கள்ளிக்கோட்டை என்னும் ஊர்ப் பெயரின் திரிபு அது. பிரெஞ்சுக்காரர் அதற்கு இந்தியாவின் பெயரைச் சூட்டினர். ஆங்கிலேயர் துருக்கியின் பெயரைச் சூட்டினர். உண்மையில் அந்தப் பறவை இந்த நாடுகள் எதற்கும் உரியதன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் அதைப் பழக்கி வளர்த்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். பெயர்க் கதை சுவையானதுதான். ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அதன் தீவனத்தின் கதை.

வான்கோழியை வளர்ப்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் பெருங்கவலையாக இருந்தவை அதன் குஞ்சுகள். பெரிய பறவை நெடுந்தூரம் நடக்கக்கூடியது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் வட்டாரங்களிலிருந்து மந்தை மந்தையாக வான்கோழிகளை லண்டன் சந்தைக்கு நடத்தியே ஓட்டிச் சென்றதை டேனியல் டீஃபோ எழுதிவைத்திருக்கிறார். ஆனால் குஞ்சு அப்படியன்று. முதல் சில வாரங்களில் சிறு குறையையும் தாங்காது. காட்டில் அது பூச்சிகளைத் தேடித் தின்று வளரும். பண்ணையில் பூச்சிக்கு எங்கே போவது? ஐரோப்பியக் குடியானவப் பெண்கள் அவித்த முட்டையை நொறுக்கி, பால்கட்டியும் காஞ்சொறிச் செடியின் இளந்தழையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏன் முட்டை என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரிந்திராது. கொடுத்தால் குஞ்சு பிழைக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கின் விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வருவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. புரதம் என்ற பொருளுக்கு ‘புரோட்டீன்’ என்னும் பெயர் அச்சில் வந்தது 1838-இல். ஒல்லாந்து வேதியியலார் முல்டர் அதை வழங்கினார். அப்போது எல்லாப் புரதமும் ஏறக்குறைய ஒன்றே என்றுதான் எண்ணினார்கள். அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவர்கள் பாரிஸ் நகரத்து ஏழைகள். எலும்பைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டினில் கஞ்சி வைத்து, இறைச்சிக்கு ஈடான உணவு என்று மருத்துவமனைகளிலும் தரும நிலையங்களிலும் ஊற்றினார்கள். இதை ஆராய அமைத்த குழுவின் சார்பில் மஜாந்தி என்னும் உடலியல் அறிஞர் 1841-இல் அறிக்கை தந்தார். ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் மெலிந்து போயின என்பதே அதன் சாரம். ஜெலட்டினும் புரதம்தான், ஆனால் அதில் ஏதோ ஒன்று இல்லை. அந்த ஒன்று எது என்பது அவருக்குத் தெரியவில்லை.

டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலமே அது. 1901-இல் ஹாப்கின்சும் கோலும் கேம்பிரிட்ஜில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பே, 1889-இல், டிரெக்செல் என்னும் ஜெர்மானியர் பால் புரதத்திலிருந்து லைசினைக் கண்டுபிடித்திருந்தார். 1914-இல் அமெரிக்காவில் ஆஸ்பர்னும் மெண்டலும் மக்காச்சோளப் புரதம் ஒன்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் எடை இழந்தன. டிரிப்டோபனைச் சேர்த்தபோது எடை குறையாமல் நின்றது. லைசினையும் சேர்த்தபோதுதான் எலிகள் வளர்ந்தன.

நேயர்களே, இதை ஒரு பூச்சரத்தை வைத்து விளக்கலாம். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என வரிசை மாறாமல் தொடுக்க வேண்டிய சரம். மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால், கூடை நிறைய மல்லிகை இருந்தாலும் கட்டுபவர் கை நின்றுவிடும். மிஞ்சிய மல்லிகை வாடிக் குப்பைக்குப் போகும். உடலும் அப்படியே. ஏறக்குறைய இருபது அமினோ அமிலங்களை வரிசைப்படி தொடுத்துத் தசையையும் இறகையும் செய்கிறது. அவற்றுள் சிலவற்றை உடலே செய்துகொள்ளும்; மற்றவை தீனியில்தான் வர வேண்டும். அந்த மற்றவற்றில் ஒன்று குறைந்தால் வேலை நின்றுவிடும். தொடுக்கப்படாத அமினோ அமிலங்களை உடல் எரித்து, அதிலிருக்கும் நைட்ரஜனைக் கழிவாக வெளியேற்றும். அந்தக் கழிவைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இப்போது வான்கோழிக்கு வருவோம். 1930-களில் அமெரிக்காவில் அகன்ற நெஞ்சுடைய வெண்கல நிற வான்கோழி பரவியது. நெஞ்சுக்கறி மிகுதி, ஆகவே விலையும் மிகுதி. நெஞ்சு பெருக்கப் பெருக்க அதன் தீனித் தேவையும் பெருகியது. 1946-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, லைசின் குறைந்த தீவனம் உண்ட வெண்கலக் குஞ்சுகளின் இறக்கை இறகுகள் நிறமின்றி வெளுத்து வளர்வதைக் காட்டியது. எடைக் குறைவுக்கு நூறு காரணம் சொல்லலாம்: குளிர், நோய், நெரிசல். வெளுத்த இறகோ பார்த்தவுடன் கண்ணில் படும். முளைத்துவிட்ட இறகின் நிறம் பின்னர் மாறுவதில்லை. ஆகவே எந்த நாள்களில் குஞ்சு குறைபட்டது என்பதை அந்த இறகே காட்டிக்கொண்டிருக்கும். அதே 1946-இல் மிச்செல், பிளாக் என்னும் இருவர், உணவுப் புரதங்களை மதிப்பிட ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். எந்தப் புரதத்தை அளவுகோலாகக் கொண்டார்கள் தெரியுமா? முழு முட்டையின் புரதத்தை! குடியானவப் பெண்களின் கைப்பழக்கம் வீண்போகவில்லை.

இறகுக்கு வேறொரு தேவையும் உண்டு. கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் இறகில் நிறைய இருக்கின்றன. அவற்றுள் முதன்மையான மெத்தியோனினை நியூயார்க்கில் முல்லர் 1920-களின் தொடக்கத்தில் கண்டார். அவர் தேடிக்கொண்டிருந்ததோ நோய்க்கிருமிகளுக்கு ஏற்ற உணவை. மக்காச்சோளத்தில் லைசின் குறைவு. சோயாவில் லைசின் தாராளம், மெத்தியோனின் போதாது. இரண்டையும் கலந்து மெத்தியோனினைச் சிறிது தூவினால் சரம் ஓரளவு நேராகும். உலகின் பெரும்பாலான கோழித் தீவனத்துக்கு இன்றும் இதுவே அடிப்படை.

இந்த அறிவு வந்தபின்னும் ஒரு பேரிடி விழுந்தது. 1960-இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. ஈரல் சிதைந்திருந்தது. நோயின் பெயர் தெரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைக்காளான் ஒன்று நஞ்சைச் சுரந்திருந்தது. அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். குஞ்சுக்குப் புரதம் நிறைய வேண்டும். பிண்ணாக்கு மலிவான புரதம். நஞ்சும் அதே மூட்டையில் வந்தது. மனிதருக்கும் ஈரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது அந்த நஞ்சு என்பது பிற்பாடு தெளிவாயிற்று. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில், பூசணம் பிடித்த கடலையை ‘கோழிக்குத்தானே’ என்று போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆண்டு நினைவுக்கு வரும்.

எவ்வளவு தேவை என்பதற்கு வருவோம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1944 முதல் கோழியினங்களின் ஊட்டத் தேவைப் பட்டியலை வெளியிட்டது. 1994-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, முதல் 4 வாரங்களில் வான்கோழிக் குஞ்சின் தீவனத்தில் 28 விழுக்காடு புரதமும் 1.6 விழுக்காடு லைசினும் வேண்டும். கறிக்கோழிக் குஞ்சுக்கு 23 விழுக்காடும் 1.1 விழுக்காடும் போதும். அதே வான்கோழி 20 வாரத்தைத் தாண்டியபின் 14 விழுக்காடு புரதமும் 0.65 விழுக்காடு லைசினும் அதற்குப் போதுமானவை. ஆகவே பண்ணையாளர் வயதுக்கேற்பத் தீவனத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும். இன்றைய ஆண் பறவை ஏறக்குறைய 20 வாரத்தில் 20 கிலோவை எட்டுகிறது என்றால், தொடக்க வாரங்களில் ஏற்படும் குறை எவ்வளவு இழப்பாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

குறையும் அமினோ அமிலத்தைத் தனியே வாங்கிச் சேர்க்கும் வழி ஜப்பானிலிருந்து வந்தது. நம் சமையலறைகளில் அறிமுகமான அஜினோமோட்டோவும் ஓர் அமினோ அமிலத்தின் உப்புதான். அதைக் கிருமிகளைக் கொண்டு நொதிக்கவைத்துச் செய்யலாம் என்று கினோஷித்தா குழுவினர் 1950-களில் காட்டினார்கள். சில ஆண்டுகளில் லைசினையும் அதே முறையில் செய்தார்கள். மெத்தியோனின் மட்டும் நீண்டகாலம் வேதியியல் ஆலைகளின் சரக்காகவே இருந்தது. ஆலையில் பிறக்கும் மெத்தியோனினில் பாதி, இயற்கையில் உள்ளதன் கண்ணாடிப் பிம்பம் போன்றது. பறவையின் உடல் அதையும் திருப்பிப் பயன்படுத்திக்கொள்ளும். லைசினில் அது நடவாது. நொதிப்பு முறையின் துணையோடு மெத்தியோனின் செய்யும் ஆலை ஒன்று 2015-இல் நம் திரெங்கானு மாநிலத்தின் கெர்த்தேயில் உற்பத்தியைத் தொடங்கியது.

இதற்கிடையே வெண்கலப் பறவை பண்ணைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. உரித்த தோலில் கரும்புள்ளிகளாய் நிற்கும் இறகு முளைகளை வாங்குவோர் விரும்பவில்லை. 1960-களிலிருந்து வெள்ளை வான்கோழியே எங்கும் நிறைந்தது. வெள்ளைப் பறவையின் இறகு வெளுத்தால் யாருக்குத் தெரியும்? லைசின் குறையை இன்று தராசும் ஆய்வுக்கூடமும்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அளவுக்கு மீறினால் காட்டிக்கொடுக்க இன்னொன்று இருக்கிறது. கழிவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனல்லவா? தொடுக்கப்படாமல் மிஞ்சிய நைட்ரஜன் எச்சத்தோடு வெளியேறித் தரையில் பரப்பிய மரத்தூளில் சேர்கிறது. புரதம் மிகுந்தால் பறவை தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும்; தூள் நனையும்; அம்மோனியா எழும்; கனத்த பறவையின் உள்ளங்கால் புண்ணாகும். மொத்தப் புரதத்தைக் குறைத்து, வேண்டிய அமினோ அமிலங்களை மட்டும் அளந்து சேர்க்கும் முறைக்கு இப்போது பண்ணையாளர்கள் திரும்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு பறவையைத் தூக்கி அதன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.