எந்தக் கழகம் பெரியது? கல்கத்தாவின் தீராத வழக்கு

ஊருக்கு ஊர் தீராத வழக்கு ஒன்று உண்டு. நிலத் தகராறு என்றால் நீதிமன்றம் தீர்த்துவிடும். கோயில் முதல் மரியாதைத் தகராறு என்றால் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் "எங்கள் காற்பந்துக் கழகமே பெரியது" என்னும் வழக்கைத் தீர்க்கவல்ல மன்றம் உலகில் எங்கும் இல்லை. அவ்வழக்கு மிக நீண்ட காலமாக, மிகுந்த சூட்டோடு நடந்துவரும் நகரங்களுள் ஒன்று கல்கத்தா. 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா எனப் பெயர் மாறியபின்னும் அங்கே வழக்கு மாறவில்லை.

மோகன் பகான், முகமதியன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் என்பன அந்நகரின் மூன்று பெருங்கழகங்கள். இன்று பலர் இவ்வழக்கை இரு கழகங்களுக்கிடையே நடப்பதாகவே எண்ணுகின்றனர். மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்பதே கேள்வி. மூன்றாவது கழகம் அக்கேள்வியிலிருந்து எப்பொழுது, ஏன் விழுந்தது? அதனை ஆராயாமல் தீர்ப்புச் சொல்ல முற்படுவது முறையன்று. ஆகவே மூவர் தரப்பையும் வரிசையாகக் கேட்போம்.

மூத்தவர் தரப்பு

மோகன் பகான் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வட கல்கத்தாவில் தோன்றியது. அக்காலத்தில் காற்பந்து ஆங்கிலேயரின் ஆட்டம். இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் கேடயப் போட்டி 1893-லும், கல்கத்தா லீக் 1898-லும் தொடங்கின. இரண்டிலும் முன்னணியில் நின்றவை வெள்ளையர் படைப்பிரிவுகளும் வெள்ளையர் கழகங்களுமே.

1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் அந்நிலை மாறியது. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. படையினர் முதலில் ஒரு கோல் போட்டனர். தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். பதினொருவருள் சுதிர் சட்டர்ஜி ஒருவரே காலணி அணிந்திருந்தார். ஏனைய பதின்மரும் வெறுங்காலால் ஆடியவர்கள். திடலை நெருங்க இயலாத மக்களுக்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தார்களாம்.

இவ்வெற்றியைப் பற்றி இரண்டு மிகைக் கூற்றுகள் வழங்குகின்றன. வெள்ளையரை இந்தியர் காற்பந்தில் வென்றது அதுவே முதன்முறை என்பது ஒன்று. அது சரியன்று. 1892-லேயே சோவாபஜார் கழகம் டிரேட்ஸ் கிண்ணப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவை வென்றிருந்தது. இந்தத் தோல்விக்கு அஞ்சியே ஆங்கிலேயர் தலைநகரை டில்லிக்கு மாற்றினர் என்பது மற்றொன்று. மாற்றம் அறிவிக்கப்பட்டது 1911 டிசம்பர் 12-ஆம் நாள் என்பது உண்மையே. ஆயினும் அரசாங்கத்தின் உள் ஆலோசனையில் அக்கருத்து ஜூன் மாதத்திலேயே எழுந்துவிட்டது. பந்து உருளும் முன்பே கோப்பு நகரத் தொடங்கியிருந்தது.

இவ்விரண்டையும் தள்ளிவிட்ட பிறகும் மோகன் பகானின் பெருமை குன்றாது. பேரரசின் படையாட்களை, அவர்களுடைய ஆட்டத்தில், அவர்களுடைய விதிகளின்படி, பல்லாயிரவர் கண்முன்னே வென்று கேடயத்தை எடுத்த முதல் இந்தியக் கழகம் அதுவே. அவ்வெற்றியைக் கொண்டாடியவர் இந்துக்கள் மட்டுமல்லர். முஸ்லிம்களும் தம் வெற்றியாகவே அதனைக் கருதி மகிழ்ந்தனர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கறுப்பு வெள்ளைச் சட்டையினர்

முகமதியன் ஸ்போர்ட்டிங் 1891-இல் அப்பெயரைப் பெற்றது. நெடுங்காலம் அதனை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1933-இல் முதற் பிரிவுக்கு உயர்ந்த கழகம், அங்கே தான் ஆடிய முதற் பருவத்திலேயே, 1934-இல், கல்கத்தா லீக்கை வென்றது. அதற்குமுன் எந்த இந்தியக் கழகமும் அந்த லீக்கை வென்றதில்லை. அத்துடன் நில்லாமல் 1935, 1936, 1937, 1938 என ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது. 1936-இல் லீக்கையும் கேடயத்தையும் ஒரே ஆண்டில் வென்றது. மோகன் பகானுக்குப் பிறகு 25 ஆண்டுகள் எந்த இந்தியருக்கும் கிட்டாமலிருந்த கேடயம் அது.

இவ்வெற்றிக்குக் காரணம் என்ன? கழகத்தை நடத்தியோரின் திட்டமே. கல்கத்தாவில் லீக் நடப்பது மழைக்காலத்தில். சேற்றில் வெறுங்கால் வழுக்கும், காலணி வழுக்காது. நனைந்த திடலில் இலேசான காலணி அணிந்து ஆடும் பழக்கத்தை இக்கழகம் தன் ஆட்டக்காரர்களிடையே கொண்டுவந்தது. அன்றியும் பெங்களூர் முதலிய தொலைவிடங்களிலிருந்து திறமையாளர்களைத் தேடி அழைத்துவந்தது. சொந்த ஊர்ப் பிள்ளைகளை மட்டும் நம்பியிருந்த காலத்தில் இது பெரும் புதுமை. பின்னாளில் ஏனைய கழகங்கள் யாவும் இவ்வழியையே பின்பற்றின. இக்கழகத்தின் சலீம் என்பவர் 1936-இல் ஸ்காட்லாந்து சென்று, செல்டிக் கழகத்தின் சட்டை அணிந்து வெறுங்காலால் ஆடினார்.

1940 டிசம்பரில் டில்லியில் ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று, டூரண்ட் கிண்ணத்தையும் முகமதியன் கைப்பற்றியது. 1888-இல் தொடங்கிய அப்போட்டியில் படையைச் சாராத இந்தியக் கழகம் ஒன்று வென்றது அதுவே முதன்முறை. 1911-இல் நிகழ்ந்தது ஒரு நாளின் வெற்றி. 1934 முதல் 1940 வரை நிகழ்ந்தது ஒரு காலத்தின் ஆட்சி என்று கூறினால் அது மிகையாகாது.

இளையவர் தரப்பு

1920 ஜூலை 28-ஆம் நாள் மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபகான் கழகம், சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் குழுவில் சேர்க்கவில்லை. அவர் கிழக்கு வங்கத்தவர் என்பதே காரணம் என்று பேசப்பட்டது. அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி எவ்வளவோ சொல்லியும் பயனில்லை. அவர் வெளியேறினார், சில நாட்களுக்குள், ஆகஸ்டு 1-ஆம் நாள், ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. புறக்கணிப்பில் பிறந்த கழகம் அது.

முதற் பிரிவில் இரண்டு இந்தியக் குழுக்களுக்கு மேல் இருத்தலாகாது என்றொரு விதி அந்நாளில் இருந்தது. அத்தடை விலகியபின், 1925-இல் ஈஸ்ட் பெங்கால் முதற் பிரிவில் நுழைந்தது. அவ்வாண்டு மே 28-ஆம் நாள் மோகன் பகானை முதன்முறையாக லீக்கில் சந்தித்து 1-0 என வென்றது.

எனினும் இக்கழகத்தைப் பெருங்கழகமாக்கியது 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையே. வீடு வாசலைக் கிழக்கே விட்டுவிட்டு வந்த இலட்சக்கணக்கான அகதிகள், கல்கத்தாவின் தெற்கே குடியேற்றங்களில் ஒண்டிக்கொண்டனர். மேற்கு வங்கத்தார் 'கோட்டி' எனப்பட்டனர். வந்தவர்கள் 'பாங்கால்' எனப்பட்டனர். இழந்த மண்ணின் பெயர் வரைபடத்திலிருந்தே மறைந்துகொண்டிருந்தது. அப்பெயர் சிவப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு சட்டையில் மட்டும் நிலைத்து நின்றது. அச்சட்டை வென்ற மாலையில் அகதி தலைநிமிர்ந்து நடந்தான். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறும்; மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும். இன்றும் அந்நகரில் இவ்வாறே சொல்லுகிறார்கள்.

இங்கே ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். ஈஸ்ட் பெங்கால் 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து கேடயம் வென்றபோது, அதன் முன்னணியில் நின்று ஆடியவர்கள் வேங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவர். மக்கள் அவர்களைப் 'பஞ்ச பாண்டவர்' என்றழைத்தனர். ஐவரும் தென்னாட்டார்! மற்றொருபுறம், 1911-இல் வென்ற மோகன் பகான் குழுவிலோ கிழக்கு வங்கத்தில் வேரூன்றிய குடும்பத்தவர் பலர் இருந்தனர். குருதியையும் பிறந்த மண்ணையும் வைத்துக் கழகம் பிரிப்போர் இவ்விரு செய்திகளுக்கும் என்ன விடை கூறுவர்?

அளவுகோல் எது?

மூவர் தரப்பையும் கேட்டோம். இனி எதைக் கொண்டு அளப்பது?

வயதே அளவு எனின் மோகன் பகான் வெல்லும். கல்கத்தா லீக்கே அளவு எனின் ஈஸ்ட் பெங்கால் முந்தும். 1970 முதல் 1975 வரை ஆறு முறையும், 2010 முதல் 2017 வரை எட்டு முறையும் தொடர்ந்து வென்ற கழகம் அது. டூரண்ட் கிண்ணமே அளவு எனின், 2023-இல் ஈஸ்ட் பெங்காலையே வீழ்த்தித் தன் 17-ஆம் வெற்றியைப் பெற்ற மோகன் பகான் முன்னே நிற்கும். நேருக்கு நேர் மோதலே அளவு எனின், 1975 செப்டம்பர் 30-ஆம் நாள் கேடய இறுதியில் 5-0 என வென்றதை ஈஸ்ட் பெங்கால் அன்பர் காட்டுவார்; 2009-இல் 5-3 என வென்றதை மோகன் பகான் அன்பர் காட்டுவார்.

அயல்நாட்டு வெற்றியே அளவு எனின், நம் வட்டாரத்து வாசகர்க்கு ஒன்று நினைவிருக்கலாம். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகப் போட்டியில், தாய்லாந்தின் பெக் டேரோ சாசனாவை 3-1 என வென்று ஈஸ்ட் பெங்கால் கிண்ணத்தைக் கொண்டுசென்றது. ஆனால் அதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே, 1960-இல், டாக்காவில் ஆகா கான் தங்கக் கிண்ணத்தை முகமதியன் வென்றிருந்தது. அண்மைக் காலமே அளவு எனின், 2024-25 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் கேடயம், கிண்ணம் இரண்டையும் பெற்ற மோகன் பகானை யாரும் மறுக்க இயலாது.

ஆகவே அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவனே தீர்ப்பையும் தேர்ந்தெடுத்துவிடுகிறான். "எந்தக் கழகம் பெரியது?" என்று கேட்பவரிடம், "எந்த ஆண்டில் கேட்கிறீர்?" என்று திருப்பிக் கேட்பதே முறை. 1911 எனின் மோகன் பகான். 1936 எனின் முகமதியன். 1950 எனின் ஈஸ்ட் பெங்கால்.

மூன்று இரண்டான கதை

அப்படியாயின் 1936-இல் யாவரினும் பெரியதாயிருந்த கழகம், இன்றைய வழக்கில் பெயரளவிலும் இல்லாமற்போனது ஏன்? ஆட்டத்தில் தோற்றதனாலா? அன்று, நாடு பிளந்ததனால்.

1930-களின் பிற்பகுதியில் வங்க அரசியலில் மதவேற்றுமை கூர்மையடைந்தது. வங்காளத்திலும் அதற்கு வெளியிலும் முஸ்லிம்கள் முகமதியனின் வெற்றிகளைத் தம் எழுச்சியின் அடையாளமாகக் கண்டனர். 1911-இல் ஒரு கழகத்தின் வெற்றியை இரு சமயத்தாரும் சேர்ந்து கொண்டாடினர்; கால் நூற்றாண்டுக்குள் கொண்டாட்டமே இரண்டாயிற்று. 1946 ஆகஸ்டுக் கலவரத்தில் நகரம் குருதியில் நனைந்தது. அவ்வாண்டு கேடயப் போட்டி நடைபெறவில்லை. மறு ஆண்டு லீக்கும் முற்றுப்பெறவில்லை. பிரிவினைக்குப் பின் முகமதியனின் ஆட்டக்காரர்களும் ஆதரவாளர்களும் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். 1948, 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் லீக்கை வென்றபோதிலும் பழைய ஆட்சி திரும்பவில்லை.

அதே பிரிவினைதான் ஈஸ்ட் பெங்காலுக்கு இலட்சக்கணக்கான அன்பர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு கழகத்தைச் சிறுக்கச் செய்த கோடே மற்றொன்றைப் பெருகச் செய்தது. 'இரு பெருங்கழகங்கள்' என்னும் வழக்கு காற்பந்துத் திடலில் பிறந்ததன்று, எல்லைக்கோட்டில் பிறந்தது. இதனை மறந்து இருவரை மட்டும் நிறுத்திப் பேசுவோர், தம்மை அறியாமலேயே அப்பிரிவினையை மறுபடியும் செய்துவிடுகின்றனர்.

போட்டியின் பயன்

பெருமை பேசுவதற்கும் எல்லை உண்டு. 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள், ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிய ஆட்டத்தில் பார்வையாளரிடையே கலகம் மூண்டு 16 பேர் மாண்டனர். "யார் பெரியவர்?" என்ற கேள்விக்குக் கொடுக்கத்தக்க விலையா அது? 1997 ஜூலை 13-ஆம் நாள், இதே இரு கழகங்களும் மோதிய கூட்டமைப்புக் கிண்ண அரையிறுதிக்கு 1,31,781 பேர் சால்ட் லேக் அரங்கில் திரண்டனர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. ஆட்டத்தின் உயிர் எதிரியிடத்தில் இருக்கிறது என்பதற்கு அக்கூட்டமே சான்று. எதிரி சிறியவனாயின் அத்தனை பேர் ஏன் வரவேண்டும்?

2024-25-இல் மூன்று கழகங்களும் முதன்முறையாக இந்தியன் சூப்பர் லீக்கில் ஒருங்கே ஆடின. அதற்குச் சற்று முன், அவ்வாண்டு ஆகஸ்டில், நகரத்து மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். ஆகஸ்டு 18-ஆம் நாள் நடக்கவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், பாதுகாப்புக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லையெனினும் அன்பர்கள் அரங்கின் வெளியே கூடினர். பச்சையும் செம்பழுப்பும் அணிந்தவர்களும் சிவப்பும் பொன்னிறமும் அணிந்தவர்களும் தோளோடு தோள் நின்று நீதி கேட்டனர். கறுப்பு வெள்ளைச் சட்டையினரும் வந்து சேர்ந்துகொண்டனர். தடியடி விழுந்தபோது எந்தச் சட்டை என்று யாரும் பார்க்கவில்லை.

எந்தக் கழகம் பெரியது என்ற வழக்கை அடுத்த ஆட்டத்தில் அவர்கள் மீண்டும் தொடங்கினர். இன்னும் நூறாண்டு நடத்துவர். நடத்தட்டும். வழக்காடும்போது மூன்று பெயரையும் சொல்லி வழக்காடினால் போதும். வரலாற்றுக்குச் செலுத்தவேண்டிய கடன் அவ்வளவே.